நண்பகல் ஒரு மணிக்குக் கட்டணமில்லாமல்: பெர்லின் ஃபில்ஹார்மனியின் மதியக் கச்சேரிகள்

கேள்வி: வேலை நிமித்தம் பெர்லினுக்குக் குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஃபில்ஹார்மனி இசையரங்கில் வாரத்தில் ஒரு நாள் பகலில் சேம்பர் இசைக் கச்சேரி நடக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை, வாசிப்பவர்கள் இந்த ஊர்க் கலைஞர்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். மேற்கத்திய இசையில் பழக்கமில்லை. இலவசமாக நடக்கும் கச்சேரியில் தரம் எப்படி இருக்கும்? என்னைப் போன்றவனுக்கு அது பிடிபடுமா?

பதில்:

அவசியம் போங்கள். இந்த வாரமே போக முடியுமானால் இந்த வாரமே போங்கள்.

தங்கள் ஐயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. மார்கழி சீசனில் சென்னையின் பல சபாக்களில் நண்பகல் கச்சேரிக்கும் அதையடுத்த பிற்பகல் கச்சேரிக்கும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அந்த நேரம் வளர்ந்துவரும் இளையவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே சில ஆண்டுகள் பாடிப் பெயர் எடுத்தவர்கள் மாலை நேரத்துக்கு உயர்கிறார்கள், மாலைக்குத்தான் கட்டணம். இந்தப் படிக்கட்டைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, பகலில் இலவசமாக நடப்பது என்றால் அது கீழ்ப்படி என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. பெர்லினில் அந்தக் கணக்கு பொருந்தாது. மாலையில் பெரிய அரங்கில் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு அமர்ந்து வாசிக்கும் அதே வியோலாக்காரர் (வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்), அதே வாரத்தில் பகல் ஒரு மணிக்கு முகமண்டபத்தில் வேறு மூவரோடு அமர்ந்து வாசிப்பதை இங்கே பார்க்கலாம். பெர்லின் ஃபில்ஹார்மனிக் ஆர்க்கெஸ்ட்ராவினர், நகரத்தின் பிற பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் கலைஞர்கள், 1972ஆம் ஆண்டு முதல் அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்காக இளையவர்களைப் பயிற்றுவிக்கும் கராயன் அகாடமியின் மாணவர்கள், நகரின் இசைக் கல்லூரிகளில் பயில்வோர் ஆகியோர் மாறி மாறி வருகிறார்கள். மாணவர்கள் வாசிக்கும் நாளையும் தவறவிட வேண்டாம். அந்த அகாடமிக்குள் நுழைவதே கடும் தேர்வுக்குப் பிறகுதான். அவர்களில் பலர் பின்னர் அதே ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் பெற்றிருக்கிறார்கள்.

இக்கச்சேரிகள் 2007இல் தொடங்கின. முதலில் செவ்வாய்க்கிழமைகளில் நடந்துவந்தன. பின்னாளில் கிழமை மாறியது என்பதால், புறப்படுமுன் அந்த வார அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் தொடங்கும் இசைப்பருவம் முழுவதும், கோடை விடுமுறை வரை, பகல் ஒரு மணிக்கு நடக்கும். நாற்பது முதல் ஐம்பது நிமிடங்களில் முடிந்துவிடும். அலுவலக உணவு இடைவேளைக்குள் அடங்கும் அளவு அது, தற்செயலாக அமைந்ததன்று.

தரத்தைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவே போதும். ஆனால் இவ்வகைக் கச்சேரி ஏன் நண்பகலில், ஏன் சிறிய அளவில், ஏன் உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு நடக்கிறது என்பதை அறிந்து சென்றால் தாங்கள் கேட்கும் விதமே மாறும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சேம்பர் என்றால் அறை. பெயரே சொல்வது போல இது அறைக்குள் வாசிக்க எழுதப்பட்ட இசை. ஆர்க்கெஸ்ட்ராவில் பதினான்கு பேர், பதினாறு பேர் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள், எதிரே கோல் பிடித்த நடத்துநர் நிற்பார். சேம்பர் இசையில் ஒரு வரிக்கு ஒருவர்தான், நடத்துநர் கிடையாது. ஒருவர் தவறினால் மறைத்துக்கொள்ள இடமில்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான செல்லோ ஒன்று கொண்ட நால்வர் குழு இதன் தலையாய வடிவம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் தம் வாழ்நாளில் அறுபத்தெட்டு நால்வர் குழுப் படைப்புகளை எழுதி அதற்கு ஓர் இலக்கணமே வகுத்துத் தந்தார். நால்வர் குழுவைக் கேட்பது அறிவார்ந்த நான்கு பேர் தமக்குள் உரையாடுவதைக் கேட்பது போன்றது என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1829இல் தம் நண்பர் செல்டருக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். செல்டர் வேறு யாருமல்லர். இதே பெர்லினில் பாடகர் கழகத்தை நடத்தியவர், பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான ஃபெலிக்ஸ் மெண்டல்சனுக்குச் சிறுவயதில் இசை கற்பித்தவர்.

அந்த மெண்டல்சன் குடும்பத்திடம்தான் நம் கதையின் உள்ளூர் வேர் இருக்கிறது. 1825இல் அக்குடும்பம் லைப்ஸிகர் தெருவில் 3ஆம் எண் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஃபில்ஹார்மனியிலிருந்து போட்ஸ்டாமர் பிளாட்ஸ் சதுக்கம் வழியாக நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். அந்த வீட்டின் தோட்டத்தை ஒட்டிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில், பகல் வேளையில், இசைக்கூட்டங்கள் நடந்தன. நகரத்தின் நல்ல வாத்தியக்காரர்கள் வந்து வாசித்தார்கள். யாரும் சீட்டு வாங்கவில்லை. பதினாறு வயது ஃபெலிக்ஸ் தம் வயலின் ஆசிரியரும் நண்பருமான எடுவார்ட் ரீட்ஸின் பிறந்தநாளுக்காக அந்த ஆண்டு எழுதிய எண்மர் படைப்பு, நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோவுக்கானது. அது சேம்பர் இசையின் சிகரங்களுள் ஒன்று. அதை எழுதியவர் பதினாறு வயதுப் பையன் என்பதை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

ஃபெலிக்ஸ் ஊர் ஊராகச் சென்று புகழடைந்த பின், 1831 முதல் அந்த ஞாயிறு இசையை அவருடைய தமக்கை ஃபேனி ஹென்சல் ஏற்று நடத்தினார். தம்பிக்கு நிகரான திறமை கொண்ட அவரைப் பொது மேடைக்கு அனுப்பக் குடும்பம் விரும்பவில்லை. ஆகவே வீட்டுக்கூடமே அவருடைய மேடையாயிற்று. நிகழ்ச்சியை வகுப்பதும், பியானோ வாசிப்பதும், பாடகர் குழுவை நடத்துவதும் அவரே. பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் போன்றவர்கள் வந்து அமர்ந்து கேட்டிருக்கிறார்கள். 1847ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், அடுத்த ஞாயிற்றுக்கான ஒத்திகையின்போதே ஃபேனிக்குப் பக்கவாதம் தாக்கியது. அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அதே ஆண்டின் வசந்தத்தில் அவர் முடித்திருந்த பியானோ மூவர் படைப்பு, அவர் பெயரில் தெளிவாக நிற்கும் பெரிய படைப்புகளுள் ஒன்று. மதியக் கச்சேரி அறிவிப்பில் ஃபேனி ஹென்சல் என்ற பெயரைக் கண்டால் அன்று விடுப்பு எடுத்தாவது போங்கள்.

ஆக, பகலில் கட்டணமில்லாமல் உள்ளூர்க் கலைஞர்கள் வாசிக்கும் சேம்பர் இசை என்பது இந்த ஊரில் இருநூறு ஆண்டு வழக்கம். அப்போது ஒரே ஒரு குறை இருந்தது: அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே கதவைத் தாண்ட முடிந்தது. சீட்டு விற்று நால்வர் குழுக் கச்சேரி நடத்தும் பழக்கம் இதற்குச் சற்று முன்னரே வியன்னாவில் இக்னாஸ் ஷுப்பான்ஸிக் என்ற வயலின் கலைஞரால் 1804–05 பருவத்தில் தொடங்கிவிட்டது. அதன் பிறகு இந்த இசை இரண்டு வழிகளில்தான் மக்களைச் சேர்ந்தது. ஒன்று, செல்வர் வீட்டுக் கூடம். மற்றொன்று, காசு கொடுத்து நுழையும் மாலை அரங்கு. எளிய சம்பளக்காரர் தம் வேலை நாளின் நடுவே, வேலைக்குப் போட்ட உடையோடு வந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் பெரிய அளவில் நிலைபெற்றது லண்டனில், அதுவும் ஒரு போரின் நெருக்கடியில்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் அறிவிக்கப்பட்டதும் லண்டனின் நாடக அரங்குகளும் இசை அரங்குகளும் மூடப்பட்டன. இரவில் விளக்கெரியத் தடை. டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தின் ஓவியங்கள் எல்லாம் பாதுகாப்புக்காக வேல்ஸுக்கு அனுப்பப்பட்டுவிட, வெறும் சட்டகத் தடங்களோடு சுவர்கள் நின்றன. அப்போது பியானோ கலைஞர் மைரா ஹெஸ் கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கைச் சந்தித்து, எப்போதாவது இங்கே ஒரு கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். ஏன் எப்போதாவது, நாள்தோறும் நடத்தலாமே என்றார் கிளார்க். இரவில் நடத்த வழியில்லை. ஆகவே பகல் ஒரு மணி. 1939 அக்டோபர் 10ஆம் நாள் முதல் கச்சேரியில் ஹெஸ் தாமே வாசித்தார். சில டஜன் பேர் வந்தாலே பெரிது என்று எண்ணியிருந்த இடத்தில் வாசலைத் தாண்டி வரிசை நின்றது.

திங்கள் முதல் வெள்ளி வரை, விமானத் தாக்குதல் நாள்களில் நிலவறைக்கு இறங்கியும், ஒரு நாளும் தவறாமல் அது ஆறரை ஆண்டுகள் நடந்தது. 1946 ஏப்ரல் 10ஆம் நாள் நிறைவடைந்தபோது மொத்தம் 1,698 கச்சேரிகள் நடந்திருந்தன. வந்து கேட்டவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். பேரும் புகழும் உள்ளவருக்கும் நேற்று மேடையேறியவருக்கும் ஒரே சன்மானம். ஹெஸ் தமக்கென ஒன்றும் பெறவில்லை. கேட்பவர் எவரானாலும் ஒரு ஷில்லிங் கொடுத்தால் போதும், முன்வரிசை பின்வரிசை என்ற பேதம் கிடையாது. கேன்டீனில் தன்னார்வப் பெண்கள் தயாரித்த தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் அந்தக் கச்சேரிகளோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. நகரத்தின் மேல் ஜெர்மானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது அங்கே வாசிக்கப்பட்டவை பெரும்பாலும் பாக், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோரின் படைப்புகள். எதிரி நாட்டு இசை என்று யாரும் அவற்றைத் தள்ளவில்லை. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

ஒரு ஷில்லிங் என்பது இலவசம் ஆகாது என்று தாங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சிறு தொகையில் அடங்கிய நியாயத்தை நான் மதிக்கிறேன்: கேட்பவருக்கு எட்டும் விலை, வாசிப்பவருக்கு உறுதியான சன்மானம், மீதி இடருற்ற இசைக்கலைஞர்களுக்கான நிதிக்கு. கேட்பவரிடம் காசு வாங்காத கச்சேரி எங்கே நடந்தாலும், வாசிப்பவரின் உழைப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். அரசின் மானியமோ புரவலரோ அந்தச் சுமையை ஏற்கும்போதுதான் இலவசம் என்ற சொல்லுக்குக் கௌரவம் உண்டு. கலைஞரின் தயவில் மட்டும் நடக்கும் இலவசம் நெடுநாள் நிற்காது. நன்கொடைப் பெட்டி வைத்திருக்கும் தேவாலயக் கச்சேரிகளுக்கு, இந்த ஊரில் அவையும் நிறைய உண்டு, போனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

லண்டன் காட்டிய வழி வெவ்வேறு ஊர்களில் வேர்விட்டது. சிகாகோவில் 1977 முதல் மைரா ஹெஸ் பெயரிலேயே புதன்கிழமைப் பகல் கச்சேரிகள் கட்டணமின்றி நடந்துவருகின்றன. வானொலியிலும் நேரடியாக ஒலிபரப்பாகின்றன. ஆம்ஸ்டர்டாமில் 1888இல் திறக்கப்பட்ட கான்செர்ட்கெபாவ் அரங்கிலும் புதன்கிழமைப் பகல் கச்சேரி நெடுங்கால வழக்கம்.

இனி தங்கள் இரண்டாம் கேள்வி: பிடிபடுமா? கர்நாடக இசை கேட்ட காதுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தடையும் உண்டு.

வசதி என்னவென்றால், ஒரே நேரத்தில் சிறு குழுவைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாடகர் ஒரு சங்கதியை முடிக்கும்போது வயலின் அதை எப்படி ஏந்துகிறது, மிருதங்கம் எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று கவனித்த கண்ணும் காதும் இங்கே அப்படியே உதவும். வேறுபாடு ஒன்றுதான்: நம் கச்சேரியில் நடுவில் ஒருவர், மற்றவர் பக்கவாத்தியம். நால்வர் குழுவில் நடு என்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறிக்கொண்டே இருக்கும். முதல் வயலின் பாடிக்கொண்டிருந்த மெட்டு நீங்கள் எதிர்பாராத நேரத்தில் செல்லோவின் கைக்குப் போய்விடும். முதல் வயலின் பின்வாங்கி அதற்குப் பக்கத்துணையாகும். எல்லா சுவரமும் தாளில் எழுதியிருக்கிறது, மனோதர்மத்துக்கு இடம் எங்கே என்று தோன்றலாம். எவ்வளவு மூச்சு விட்டு ஒரு வரியைத் தொடங்குவது, எங்கே ஒரு நொடி தயங்குவது, எந்த உள்குரலை மேலே எடுப்பது என்பவை தாளில் இல்லை. முதல் வயலின்காரர் தொடங்குமுன் மூக்கால் கூர்மையாக மூச்சிழுப்பதை முன்வரிசையில் உட்கார்ந்தால் கேட்கலாம். மற்ற மூவருக்கும் அதுதான் தாளம் போட்டுக் காட்டுவது.

தடை சுருதி. நம் காது தம்புராவின் ஆதார ஷட்ஜத்தில் ஊறியது. அது தொடக்கம் முதல் மங்களம் வரை அசையாது. மேற்கத்திய இசையில் ஆதாரமே இடம் பெயரும். ஐந்து நிமிடத்துக்குள் ஷட்ஜம் பஞ்சமத்துக்குப் போயிருக்கும், அங்கிருந்து இன்னும் தொலைவான ஓர் இடத்துக்கும் போகும். ஆதார சுவரத்தை மாற்றிக் கிரகபேதம் செய்து காட்டும்போது ஒரு கணம் தரை நழுவுவது போல் தோன்றுமே, அந்த அனுபவத்துக்கு இது சற்று நெருக்கம். ஆனால் அங்கே அது சில நொடி வித்தை, இங்கே அதுவே கட்டுமானத்தின் உயிர். முதன்முறை கேட்கும்போது இது அலைக்கழிப்பாக இருக்கும். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: தொடக்கத்தில் வரும் மெட்டை மனத்தில் பதித்துக்கொண்டு, அது தன் பழைய சுருதியில் திரும்பி வரும் இடத்துக்காகக் காத்திருங்கள். வரும்போது யாரும் சொல்லாமலே தெரியும்.

வயலின் இரண்டு மரபுக்கும் பொதுவான வாத்தியம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார் என்பது தாங்கள் அறிந்ததே. நாம் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளைச் சட்ஜ பஞ்சமமாக இணைத்து, இடக்கையைக் கமகத்துக்கு விடுவித்துக்கொண்டோம். இங்கே வாத்தியம் தோளுக்கும் தாடைக்கும் இடையில் இருக்கும். அவர்களுடைய செல்வம் வில் பிடிக்கும் வலக்கையில். ஒரே சுவரத்தை வில்லின் எந்தப் பகுதியால், எவ்வளவு அழுத்தத்தில் எடுக்கிறார்கள் என்று வலக்கையைப் பாருங்கள். பத்து நிமிடம் அதை மட்டும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கைதட்டல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், முதன்முறை போகிறவர்கள் அதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். ஒரு படைப்பு வழக்கமாக மூன்று அல்லது நான்கு பகுதிகளாக இருக்கும்: விறுவிறுப்பாக ஒன்று, மெதுவாக ஒன்று, நடன அமைப்பில் ஒன்று, மறுபடி வேகமாக ஒன்று. பகுதிகளுக்கு இடையே கலைஞர்கள் தாள் புரட்டுவார்கள், சுருதி சரிபார்ப்பார்கள், அப்போது தட்டுவதில்லை. எல்லாம் முடிந்து வில்லைக் கீழே இறக்கும்போது தட்டுவார்கள். நல்ல சங்கதி விழுந்ததும் நமக்கு ‘ஆஹா’ என்று வாய் திறக்கும், கை தொடையில் தாளம் போடும். இங்கே அவற்றை அடக்கிக்கொள்ள வேண்டும். மதியக் கச்சேரியில் குழந்தைகளோடும் பலர் வருவதால் மாலை அரங்கின் இறுக்கம் இராது. தவறித் தட்டிவிட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

இடத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கச்சேரி நடப்பது ஹான்ஸ் ஷாரூன் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட கட்டடத்தின் முகமண்டபத்தில். புகழ்பெற்ற அந்தப் பெரிய அரங்குக்குள் அல்ல. பல திசைகளில் ஏறி இறங்கும் படிகளும் மாடங்களும் கொண்ட அந்த மண்டபத்தில் நாற்காலிகள் குறைவு. பெரும்பாலோர் படிகளில் அமர்வார்கள், மேல்மாடத்துக் கைப்பிடியில் சாய்ந்து நிற்பார்கள். ஒலி உள்ளரங்கில் இருப்பது போல் சமமாகப் பரவாது. தொலைவில் நின்றால் செல்லோவின் அடிநாதம் கலங்கிவிடும். ஆகவே குறைந்தது முக்கால் மணி நேரம் முன்பே சென்று கலைஞர்களுக்கு அருகில் ஒரு படியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கேயே சூப்பும் எளிய உணவும் விற்பார்கள். கச்சேரி தொடங்குமுன் சாப்பிட்டு முடித்துவிடுவது மரியாதை.

முதல் முறையாக நால்வர் குழு அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஹைடனோ மொஸார்ட்டோ நிகழ்ச்சியில் இருந்தால் நல்லது. ஷூபர்ட்டின் ‘டிரவுட்’ ஐவர் படைப்பு கிடைத்தால் அதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. அதில் டபுள் பாஸும் சேர்வதால் சுருதிக்கு ஏங்கும் நம் காதுக்கு ஊன்றிக்கொள்ள ஓர் அடித்தளம் கிடைக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாம் நால்வர் படைப்பைச் சில மாதங்கள் கழித்துக் கேளுங்கள். 1960இல் டிரெஸ்டன் அருகே மூன்றே நாளில் எழுதப்பட்ட அந்தப் படைப்பில் தம் பெயரின் எழுத்துகளையே நான்கு சுவரங்களாக்கி மீண்டும் மீண்டும் ஒலிக்க வைத்தார் அவர். அதைக் கேட்டுவிட்டு உடனே அலுவலகக் கூட்டத்துக்குத் திரும்புவது கடினம்.

இந்தப் படைப்புகளை ஒலிப்பதிவில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. முதல் தடவை வேண்டாம். நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்து வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எந்தக் குரல் யாருடையது என்று காது பிரித்தறியக் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு வீட்டுக்கு வந்து பதிவைப் போடுங்கள். முன்பு ஒரே ஒலிக்கற்றையாகக் கேட்டிருக்கக்கூடியது நான்கு இழையாகப் பிரிந்து கேட்கும்.

அலுவலகத்துக்குத் திரும்ப அவசரமில்லாத ஒரு நாள், கச்சேரி முடிந்ததும் போட்ஸ்டாமர் பிளாட்ஸைக் கடந்து லைப்ஸிகர் தெரு 3ஆம் எண் வரை நடந்து செல்லுங்கள். மெண்டல்சன் வீடு இப்போது இல்லை. அது இடிக்கப்பட்ட இடத்தில் பிரஷ்ய மேலவைக்காக எழுப்பப்பட்ட 1904ஆம் ஆண்டுக் கட்டடம் நிற்கிறது, ஜெர்மனியின் மாநிலங்களவை இன்று அங்கேதான் கூடுகிறது. ஃபேனியின் கூடமும் தோட்டமும் அதன் அடியில் எங்கோ இருந்தன.